மைதானத்துக்குள் வராதே என்ற கிளப்: கேரி நெவில் பேசினால் முதலாளிகள் ஏன் பதறுகிறார்கள்?

மே 25, 2025. இங்கிலாந்து பிரீமியர் லீக் சீசனின் கடைசி நாள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், செல்சி அணிகள் மோதுகின்றன. சாம்பியன்ஸ் லீக்கில் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்யும் ஆட்டங்களில் இதுவும் ஒன்று. ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலுக்காக அங்கே வர்ணனை செய்ய வேண்டியவர் மான்செஸ்டர் யுனைடெட் முன்னாள் டிஃபெண்டர் கேரி நெவில்.

ஆனால் ஃபாரஸ்ட் கிளப் அவருக்கு அனுமதி அட்டை தர மறுத்துவிட்டது. ஒளிபரப்பு உரிமைக்குக் கோடி கோடியாகப் பணம் கட்டிய சேனல் அனுப்பும் ஆளை, "இவர் உள்ளே வரக் கூடாது" என்று ஒரு கிளப் சொல்கிறது. இங்கிலாந்து கால்பந்தில் இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

அப்படி என்னதான் பேசிவிட்டார் அந்த மனுஷன்?

என்ன நடந்தது?

அதற்கு இரண்டு வாரம் முன்னால், மே 11 அன்று, ஃபாரஸ்ட் அணி லெஸ்டருடன் 2-2 என டிரா செய்தது. ஆட்டம் முடிந்ததும் கிளப்பின் முதலாளி எவாஞ்செலோஸ் மரினாகிஸ் நேராக மைதானத்துக்குள் இறங்கி, பயிற்சியாளர் நூனோவிடம் கோபமாகப் பேசுவது கேமராவில் பதிவானது. கிரீஸ் நாட்டுக் கப்பல் அதிபர் அவர். நெவில் அன்றைக்கே சமூக வலைதளத்தில் இதை அவமானம் என்று சாடினார். நூனோ இன்று ராத்திரியே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்கிற அளவுக்குப் போனார்.

கிளப் தரப்பு சொன்ன கதை வேறு. காயம்பட்ட வீரர் அவோனியியை மருத்துவக் குழு கையாண்ட விதத்தில்தான் முதலாளிக்கு வருத்தமாம், பயிற்சியாளருடன் சண்டையே இல்லையாம். அவோனியி காயம் நிஜமாகவே ஆபத்தானது. அவருக்கு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வகையில் நெவில் கொஞ்சம் அவசரப்பட்டார் என்று சொல்பவர்களும் உண்டு.

அனுமதி மறுக்கப்பட்டதும் ஸ்கை என்ன செய்தது? வேறொரு ஆளை அனுப்பி வேலையை முடித்துக்கொள்ளவில்லை. தன் தொகுப்பாளர் குழுவையே மைதானத்துக்கு அனுப்பாமல் ஸ்டுடியோவிலிருந்து நிகழ்ச்சியை நடத்தியது. ஆட்டத்தில் செல்சி 1-0 என ஜெயித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நூனோ வேலையை இழந்தார்.

திருப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. கோவைக்கு 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பட்டம். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர். நெவில் பிறந்தது அசல் மான்செஸ்டரை ஒட்டிய 'பரி' என்ற ஊரில், 1975-ல். லங்காஷைர் பஞ்சாலை ஊர்களில் ஒன்று. பள்ளிக்கூட சரித்திரப் பாடத்தில் 'பறக்கும் நாடா' கண்டுபிடித்தவர் என்று ஜான் கே பெயரைப் படித்திருப்பீர்களே, அவரும் பரிக்காரர்தான். பல்லடத்திலும் சோமனூரிலும் தடதடக்கும் தறிக்கு மூதாதை அந்த நாடா.

நெவில் வளர்ந்த காலத்தில் அங்கே ஆலைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அப்பா பெயர் நெவில் நெவில் (பிழை இல்லை, நிஜமாகவே அதுதான் பெயர்). லாரி ஓட்டியவர். அம்மா ஜில், உள்ளூர் பரி கால்பந்து கிளப்பின் அலுவலகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர். தம்பி ஃபில்லும் மான்செஸ்டர் யுனைடெட் வீரர். தங்கை டிரேசி, இங்கிலாந்து நெட்பால் அணியின் பயிற்சியாளரானவர்.

ஆலை மூடினாலும் ஊரில் மிச்சமிருந்தது கால்பந்து கிளப்தான். அந்த பரி கிளப்பும் முதலாளிகளின் பணக் குளறுபடியால் 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது. கிளப் முதலாளி என்றாலே நெவில் ஏன் சீறுகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோல் போடாதவர்

ஆட்டக்காரராக நெவில் கணக்கு இது: 1992-ல் அறிமுகம், 2011 பிப்ரவரியில் ஓய்வு, மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 602 ஆட்டங்கள், 8 லீக் பட்டங்கள், இங்கிலாந்துக்காக 85 ஆட்டங்கள். கிளப்புக்காக அத்தனை ஆண்டில் போட்ட கோல்? மொத்தம் 7.

ரைட் பேக் அவர். வலது ஓரம், பின்வரிசை. பெக்காம் முன்னால் ஓடி கிராஸ் போடுவார், கேமரா அவர் முகத்தில் இருக்கும். பெக்காம் விட்டுப்போன இடத்தை மூடுவதற்குப் பின்னால் ஓடுகிறவர் நெவில். பனியன் கம்பெனி பாஷையில் சொன்னால் இவர் செக்கிங் டேபிள். பீஸ் சரியாக இருந்தால் யாருக்கும் பெயர் தெரியாது. ஒரு ஓட்டை தப்பினால் முதல் திட்டு இவருக்கு.

ஆனால் அந்த இடத்திலிருந்துதான் மைதானம் முழுசாகத் தெரியும். ஃபார்வர்டு ஆடுபவர் கோலுக்கு முகம் காட்டி, தன் அணிக்கு முதுகு காட்டி நிற்கிறார். டிஃபெண்டருக்கு எல்லாமே கண் முன்னால். "இடது பக்கம் தள்ளு", "அவனை விடாதே", "லைனை மேலே ஏத்து" என்று 90 நிமிஷமும் கத்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. இது டிவிக்கு அப்படியே பொருந்துகிறது. பிரிட்டிஷ் டிவியில் பெயரெடுத்த கால்பந்து விமர்சகர்களில் டிஃபெண்டர்கள் இத்தனை பேர் இருப்பது தற்செயல் இல்லை. ஆலன் ஹேன்சன், லீ டிக்சன், மார்ட்டின் கியோன், ரியோ ஃபெர்டினாண்ட், ஜேமி கேரகர், மைக்கா ரிச்சர்ட்ஸ் என்று வரிசை நீளம்.

இதில் ஹேன்சன் சம்பந்தப்பட்ட ஒரு கூத்து உண்டு. 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 எனத் தோற்றது. அன்று பிபிசி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த லிவர்பூல் முன்னாள் டிஃபெண்டர் ஹேன்சன், பொடிப் பசங்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னார். அந்தப் பொடிப் பசங்களில் ஒருவர் 20 வயது நெவில். அந்த சீசனில் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் அதே பசங்கதான் தூக்கினார்கள். டிவி விமர்சகர் எவ்வளவு பெரிதாகக் கோட்டை விடலாம் என்பதை நெவில் களத்தில் நின்றே பார்த்துவிட்டார்.

இன்னொரு சம்பவம். 2003 அக்டோபரில், ஊக்கமருந்து சோதனைக்கு வராமல் போன ஃபெர்டினாண்டை துருக்கிக்கு எதிரான முக்கிய ஆட்டத்தின் அணியிலிருந்து நீக்கினார்கள். விசாரணைக்கு முன்பே தண்டனையா என்று கேட்டு இங்கிலாந்து வீரர்கள் ஆட மாட்டோம் என்று மிரட்டினார்கள். முன்னால் நின்றவர் நெவில். பத்திரிகைகள் 'ரெட் நெவ்' என்று பெயர் வைத்தன. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் பார்த்த ஊர் திருப்பூர். லட்சங்களில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களின் மிரட்டலையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு நெவில் எந்த வகை ஆள் என்று உடனே புரிந்திருக்கும்.

டிவியை மாற்றிய டச் ஸ்கிரீன்

2011 ஜனவரியில் ஸ்கை தன் முதன்மை விமர்சகர் ஆண்டி கிரேயை வேலையை விட்டு நீக்கியது. பெண் உதவி நடுவர் ஒருவரைப் பற்றி அவர் மட்டமாகப் பேசியது வெளியே வந்ததே தொடக்கம். அதே ஆண்டு அந்த நாற்காலிக்கு வந்தவர் நெவில்.

அப்போது நிறைய பேர் சிரித்தார்கள். காரணம், நெவில் மாதிரி வெறுக்கப்பட்ட ஆட்டக்காரர் குறைவு. 2006-ல் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் தன் அணி கோல் போட்டதும், எதிரணி ரசிகர்கள் பக்கம் ஓடிப்போய் சட்டையில் இருந்த கிளப் சின்னத்தைக் காட்டிக் கொண்டாடி 5,000 பவுண்டு அபராதம் கட்டியவர். இப்படிப்பட்டவர் எப்படி நடுநிலையாகப் பேசுவார்?

பேசினார். அதுவரை முன்னாள் ஆட்டக்காரர்கள் ஸ்டுடியோவில் சொன்னது பெரும்பாலும் "நல்லா ஆடினாங்க, இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாம்" ரகம். நெவில் பெரிய டச் ஸ்கிரீன் முன்னால் எழுந்து நின்றார். வீடியோவை நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், கோடு போட்டார். கோல் விழுந்த நொடியை விட்டுவிட்டு, அதற்குப் பத்து விநாடி முன்னால் ஒரு டிஃபெண்டர் ரெண்டடி தப்பான இடத்தில் நின்றதைக் காட்டினார். தன் பழைய கிளப் சொதப்பினால் அதையும் அதே மாதிரி பிரித்து மேய்ந்தார். 2013-ல் கேரகர் வந்து சேர்ந்தார். ஒருவர் மான்செஸ்டர், மற்றவர் லிவர்பூல். பரம விரோதிகள் பக்கத்து பக்கத்து நாற்காலியில். இந்திய நேரப்படி அந்த 'மண்டே நைட் ஃபுட்பால்' நடுராத்திரிக்கு மேல்தான் வரும். ஞாயிறு மேட்ச்களோ நமக்கு ராத்திரி 9, 10 மணிக்கு. வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, ஞாயிறு லைன் வீட்டில் படுத்தபடி போனில் பார்க்கத் தோதான நேரம். நெவில் குரல் நம்ம ஊர்க் காதுக்குப் பழகியது அப்படித்தான்.

2012 ஏப்ரலில் பார்சிலோனா மைதானத்தில் செல்சி வீரர் டோரஸ் கடைசி நேரத்தில் தனியாக ஓடிப்போய் கோல் போட்டபோது, நெவில் வாயிலிருந்து வார்த்தைக்குப் பதில் ஒரு விநோதமான ஊளைச் சத்தம் வந்தது. இன்றைக்கும் அந்த கிளிப் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த 48 மணி நேரம்

நெவிலின் டிவி வாழ்க்கையில் உச்சம் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் சொல்வது 2021 ஏப்ரல் 18.

அன்று ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்கள் சேர்ந்து 'சூப்பர் லீக்' என்ற தனிப் போட்டியைத் தொடங்கப்போகும் செய்தி வெடித்தது. நிறுவன அணிகளுக்கு நிரந்தர இடம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் வெளியே போக வேண்டாம். கடைசி இடத்தில் இருப்பவர் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதும், கீழே இருப்பவர் உழைத்து மேலே வருவதும்தான் ஐரோப்பியக் கால்பந்தின் உயிர். அதில் கை வைத்தார்கள்.

நெவில் அப்போது மான்செஸ்டர் யுனைடெட் - பர்ன்லி ஆட்டத்துக்காக நேரலையில் இருந்தார். எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லாமல் பொரிந்து தள்ளினார். இது பேராசை, எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்றார். தொழிலாளிகள் உருவாக்கிய கிளப்களான மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் இதில் இருப்பதுதான் கேவலம் என்றார். இவர்களுக்குப் புள்ளியைக் குறையுங்கள், அபராதம் போடுங்கள் என்றார். அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். 48 மணி நேரம்தான், 20-ம் தேதி இரவுக்குள் 6 இங்கிலாந்து கிளப்களும் பின்வாங்கின.

ஒரு மனுஷன் பேசி சூப்பர் லீக் கவிழ்ந்தது என்று சொன்னால் அது மிகை. அரசாங்கம், ஃபிஃபா, ரசிகர் சங்கங்கள், பயிற்சியாளர்கள், வீரர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆனால் ரசிகர்களின் கோபத்துக்கு முதல் வார்த்தைகளைக் கொடுத்தவர் அவர். அதற்கு முந்தைய அக்டோபரிலேயே, கால்பந்துக்கு சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று ஒரு குழுவாக அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கை 2025 ஜூலையில் சட்டமாகவே ஆனது.

இங்கே ஒரு முள்ளையும் சொல்லத்தான் வேண்டும். 1992-ல் பிரீமியர் லீக் பிறந்ததே ஸ்கை கொட்டிய பணத்தில்தான். பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்ததில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. சூப்பர் லீக் வந்திருந்தால் ஸ்கையின் வியாபாரமும்தான் அடி வாங்கியிருக்கும். அன்று நெவிலின் மனசாட்சியும் அவர் முதலாளியின் லாபமும் ஒரே திசையில் இருந்தன. அப்படி இருக்கும்போது தைரியமாகப் பேசுவது சுலபம்.

இரண்டும் வேறு வேறு திசையில் இழுத்தால்?

கத்தார்

2022 உலகக் கோப்பைக்கு பிரிட்டனின் ஐடிவியில் பேசியதோடு, கத்தார் அரசின் பின்புலம் கொண்ட 'பீஇன் ஸ்போர்ட்ஸ்' சேனலிலும் பேச நெவில் ஒப்புக்கொண்டார். பணம் வாங்கிக்கொண்டுதான்.

கத்தார் என்றால் கொங்கு மண்டலத்திலும் டெல்டாவிலும் தனியாக விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு வளைகுடா வீடு இருக்கிறது. 'கஃபாலா' முறையில் வேலை கொடுத்தவர் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாது, பாஸ்போர்ட் பல நேரம் அவர்கள் கையில். உலகக் கோப்பை கத்தாருக்கு என்று முடிவான பிறகு பத்து ஆண்டில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை தொழிலாளர்கள் 6,500-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 'கார்டியன்' நாளிதழ் 2021-ல் கணக்கு வெளியிட்டது. அதில் இந்தியர்கள் மட்டும் 2,711. இவர்கள் எல்லோரும் மைதானம் கட்டியவர்கள் இல்லை, இயற்கை மரணம் என்று எழுதப்பட்டவையும் இதில் அடக்கம். அதனால் இந்த எண்ணை கத்தார் ஏற்கவில்லை. ஆனால் உலகக் கோப்பை ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதியே 2022 நவம்பரில் ஒரு பேட்டியில், போட்டி தொடர்பான பணிகளில் இறந்தவர்கள் 400-லிருந்து 500 வரை இருக்கலாம் என்றார். அதற்கு முன் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டதைவிட இது பல மடங்கு. 2020-க்குப் பிறகு வேலை மாறும் விதியைத் தளர்த்தி, மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலியும் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அந்த ஆண்டு ஜனவரியில்தான் தொழிற்கட்சியில் சேர்ந்தவர், அவர் இந்தப் பணத்தை வாங்கலாமா? பிபிசியின் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கப் போனபோது, அங்கிருந்த பத்திரிகையாளர் இயன் ஹிஸ்லப் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அங்கே போய்த்தான் குறை சொல்ல வேண்டும் என்றில்லையே, வீட்டில் இருந்தபடியே சொல்லலாமே, பணமும் வாங்க வேண்டாமே என்பது சாராம்சம். நெவில் நெளிந்தார். அங்கே போய் பிரச்சினையை எடுத்துச் சொல்வதுதான் என் வழி என்றார். ஸ்டுடியோவில் கைதட்டு ஹிஸ்லப்புக்குத்தான்.

இந்த வாதம் திருப்பூருக்குப் புதுசில்லை. ஐரோப்பிய பிராண்டுகள் ஆர்டர் கொடுக்கும்போது ஆடிட் வரும். கூலி, ஓவர்டைம், ஹாஸ்டல், கழிப்பறை வரை பார்ப்பார்கள். இந்தப் பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்களை வைத்து நடந்த 'சுமங்கலித் திட்டம்' வெளிச்சத்துக்கு வந்தபோது சில பிராண்டுகள் ஆர்டரை நிறுத்தவும் செய்தன. ஆர்டரை நிறுத்தினால் மில் பெண்ணுக்குக் கூலி ஏறிவிடுமா? ஏறாது, வேலை போகும். நிறுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருந்தால்? அப்போதும் ஏறாது. உள்ளே இருந்து பேசுகிறேன் என்பவர் உள்ளே போன பிறகு நிஜமாகவே பேசினாரா, பேசியதால் அவருக்கு ஏதாவது நஷ்டம் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெவில் பேசினார். டிசம்பர் 18, அர்ஜென்டினா - பிரான்ஸ் இறுதிப் போட்டி நாள். ஐடிவி நேரலையில் கத்தார் தொழிலாளர்களின் சொற்பக் கூலியையும் மோசமான தங்குமிடத்தையும் சொன்னார். அதே மூச்சில், நம்ம நாட்டு அரசாங்கமும் ரயில்வே ஊழியர், ஆம்புலன்ஸ் ஊழியர், நர்ஸ்களை வில்லன்களாகக் காட்டுகிறதே என்றார். கன்சர்வேட்டிவ் கட்சியினர் கொதித்தார்கள். கத்தாரின் உயிர்ப்பலியையும் பிரிட்டன் நர்ஸ் சம்பளத்தையும் ஒன்றாக்கிவிட்டாரே என்று தொழிலாளர் உரிமைப் பக்கம் நிற்பவர்களும் முகம் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் நர்ஸ் சங்கம் வேலைநிறுத்தம் செய்யலாம். கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கமே வைக்க முடியாது. அதோடு, அவர் பேசிய இடம் பிரிட்டன் சேனல் என்பதையும் மறந்துவிட முடியாது.

கையில் சாவி வந்த பிறகு

விமர்சகர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொன்னவருக்கு ஒரு முறை பரீட்சையும் வந்தது. 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வாலன்சியா அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். ஸ்பானிஷ் மொழி சரியாகத் தெரியாது. 28 ஆட்டத்தில் 10 வெற்றி, பார்சிலோனாவிடம் ஒரே ராத்திரியில் 7-0. நாலே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து அதே டச் ஸ்கிரீன் முன்னால் நின்றார். அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் அவருடைய மற்ற தொழில்கள். மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்துக்கு எதிரே ஹோட்டல், நகர மையத்தில் பெரிய கட்டட வேலைகள், யூடியூபில் 'தி ஓவர்லேப்', பழைய சகாக்களுடன் 2014-ல் வாங்கிய சல்ஃபோர்ட் சிட்டி கிளப்.

2015 அக்டோபரில் நடந்த ஒரு விஷயத்தை மான்செஸ்டரில் இன்னும் சொல்வார்கள். நெவிலும் ரயன் கிக்ஸும் ஹோட்டலாக மாற்ற வாங்கிப் போட்டிருந்த பழைய பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் வீடில்லாதவர்கள் கூட்டமாகப் புகுந்துவிட்டார்கள். போலீசைக் கூப்பிடப்போகிறார் என்று எல்லோரும் நினைக்க, நெவில் போனில் பேசி, குளிர்காலம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். 2020-ல் கொரோனா வந்தபோது ஹோட்டல் அறைகளை மருத்துவ ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

மறுபக்கமும் இருக்கிறது. சல்ஃபோர்ட் கிளப் ஐந்து சீசனில் நாலு முறை பதவி உயர்வு பெற்று 2019-ல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தபோது, பணத்தைக் கொட்டி வெற்றியை வாங்குகிறீர்கள் என்று சின்ன கிளப்களின் தரப்பிலிருந்து, குறிப்பாக ஆக்ரிங்டன் கிளப்பின் முதலாளி ஆண்டி ஹோல்ட்டிடமிருந்து, கடும் விமர்சனம் வந்தது. சூப்பர் லீக்கில் நெவில் சொன்னதும் அதுதானே, பணம் விளையாட்டைக் கெடுக்கிறது என்று! 'தி ஓவர்லேப்' நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் ஸ்கை பெட் என்ற பந்தய நிறுவனம். ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை விட்டவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில் இருப்பவர்களுக்கு இது உறுத்தும்.

நம்ம ஊரில் இப்படிப் பேச முடியுமா?

கால்பந்தை விடுங்கள், கிரிக்கெட்டைப் பார்ப்போம். 2016 ஐபிஎல் தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. 2019-ல் ஜடேஜாவைப் பற்றி விமர்சனம் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட சஞ்சய் மஞ்ச்ரேக்கர், 2020 மார்ச்சில் பிசிசிஐ குழுவில் இடம் இழந்தார்.

ஃபாரஸ்ட் விவகாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. இங்கே போட்டியை நடத்தும் வாரியமே ஒளிபரப்பையும் தயாரிக்கிறது, வர்ணனையாளர் பட்டியலும் அதன் கையில். அங்கே நெவிலுக்குச் சம்பளம் தருவது சேனல். அதனால்தான் ஒரு கிளப் கதவைச் சாத்தியபோது சேனல் அவர் பக்கம் நிற்க முடிந்தது. தமிழ் வர்ணனை இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது, முன்னாள் வீரர்கள் ஜாலியாக, நுணுக்கமாகப் பேசுகிறார்கள். ஆனால் எந்த அணி முதலாளியைப் பற்றியும் நேரலையில் ஒரு கடினமான வார்த்தை கேட்ட நினைவு யாருக்காவது இருக்கிறதா?

நெவிலுக்கும் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றில்லை. 2025 அக்டோபரில் மான்செஸ்டர் யூத வழிபாட்டுத் தலத்தில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். தன் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஏற்றப்பட்டிருந்த பிரிட்டன் கொடியை இறக்கச் சொன்னதாகவும், கொடியைப் பாசத்துக்காக இல்லாமல் வெறுப்புக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்றும், நாட்டைப் பிரிப்பவர்கள் கோபக்கார நடுவயது வெள்ளையர்கள் என்றும் பேசினார். தேசியக் கொடியையே இறக்குவதா, இறந்தவர்கள் யூதர்கள், இவர் யாரைத் திட்டுகிறார் என்று எதிர்ப்பு வெடித்தது. ஸ்கையை விட்டு நீக்கு என்ற குரல்களும் வந்தன. சொன்ன நேரமும் விதமும் சரியில்லை என்று அவருக்கு ஆதரவாக இருப்பவர்களே முணுமுணுத்தார்கள்.

ஆனால் வெளியூர்க்காரன் மேல் வெறுப்பு கிளம்பும்போது ஊரில் பெயருள்ள ஒருவர் குறுக்கே நின்று பேசுவது எவ்வளவு தேவை என்பதைத் திருப்பூர் அனுபவத்தில் கண்டது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைப் பரப்பினார்கள். பயத்தில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். வதந்தி என்று போலீஸ் விளக்கியது, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அந்த நாட்களில் கலெக்டரும் போலீசும் ஏற்றுமதியாளர் சங்கமும்தான் பேசின. கோடிக்கணக்கில் ரசிகர் வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள், நடிகர்கள் பக்கமிருந்து பெரிதாகச் சத்தம் இல்லை.

அடுத்து என்ன?

ஃபாரஸ்ட் அவரை உள்ளே விட மறுத்த அதே 2025 மே மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. சல்ஃபோர்ட் சிட்டி கிளப்பை நெவிலும் பெக்காமும் தலைமை தாங்கும் புதிய முதலீட்டாளர் குழு எடுத்துக்கொண்டது. பிரீமியர் லீக்குக்குப் போவதே கனவு என்கிறார்கள். அப்போது நான்காவது டிவிஷனில் இருந்த கிளப் அது. அங்கே பயிற்சியாளர் மாறும்போதும் டிக்கெட் விலை ஏறும்போதும், பத்திரிகையாளர் பெட்டியில் உட்கார்ந்து முதலாளியைத் திட்டப்போகிறவர் வேறு யாரோ ஒருவர். அவருக்கு அனுமதி அட்டை கொடுக்க வேண்டியவர் கேரி நெவில்.